இறங்கி வந்தவர் கொடுத்த மூங்கில் தடி

அன்புள்ள கண்ணு,

இதை முழுசாகப் படிக்க உனக்கு நேரம் இருக்குமோ என்னவோ, சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரங்கசாமிக்குப் போன் போடு. அவர் சம்சாரம் சரோஜாவை உடனே ஆஸ்பத்திரியில் சேர்த்து ஆபரேஷனை முடிக்கச் சொல். "பொறுத்திருங்கன்னு சொன்னது நான்தானுங்க, பெரியவங்க உத்தரவு கிடையாதுங்க" என்று உன் வாயால் சொல். மௌன விரதம் கலைந்தால் கலையட்டும். அதைச் செய்துவிட்டு வந்து மிச்சத்தை நிதானமாகப் படி. மிச்சமெல்லாம் உன் அப்பன் வழக்கம்போல வளவளவென்று பேசுவதுதான். அதைப் படிப்பதற்கு எந்த அவசரமும் இல்லை.

நான் கடிதம் எழுதும் ஆள் இல்லை என்பது உனக்குத் தெரியும். பத்தாம் வகுப்பைத் தொட்டவன், தாண்டாதவன். டவுன் பஸ்ஸில் விசில் ஊதிக் காலத்தை ஓட்டியவனுக்குப் பேனா எதற்கு? போனில் பேசிவிடலாம் என்றுதான் பார்த்தேன். எப்போது கூப்பிட்டாலும் உன் சீடப்பிள்ளை ஒருவர்தான் எடுக்கிறார். "அய்யா மௌனத்துல இருக்காருங்க, ஞாயித்துக்கெழமை மண்டபத் திறப்புலதான் வாய் தொறப்பாருங்க. நீங்க யாருங்க?" என்றார். "அவனோட அப்பனுங்க" என்றேன். பிறகு ரொம்ப மரியாதையாக, "ஓ, அய்யாவோட பூர்வாசிரமத் தகப்பனாருங்களா?" என்றார். "பூர்வமெல்லாம் இல்லீங்க, இன்னமும் ரேசன் கார்டுல ஒண்ணாத்தான் இருக்கறோமுங்க" என்றேன். அவர் சிரிக்கவில்லை. உன்னிடம் வருகிறவர்களிடம் எனக்குள்ள ஒரே குறை இதுதான், சிரிக்க மாட்டேன் என்கிறார்கள். அதனால்தான் இதை எழுதி உன் அம்மா கையில் கொடுத்து அனுப்புகிறேன். அவளை வாசலில் மறிக்கிற சீடன் இன்னும் பிறக்கவில்லை. உறையை ஒட்டவும் இல்லை. வழியில் யார் எடுத்துப் படித்தாலும் படிக்கட்டும். எல்லாரும் படித்தால் இன்னும் நல்லது.

ரங்கசாமி போன வாரம் நம் வீட்டுக்கு வந்தார். பீளமேட்டுப் பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கிறவர், உன் பேச்சை முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்கிறவர். உனக்கு நான் அறிமுகம் செய்யத் தேவையில்லை. தட்டு நிறையப் பழத்தோடு வந்து, நான் "ஐயோ வேண்டாமுங்க" என்பதற்குள் என் காலைத் தொட்டுவிட்டார். போத்தனூரில் என் காலை இதுவரை தொட்டவை நம் தெரு நாயும் பஸ் படிக்கட்டும்தான். நான் கூச்சத்தில் நெளிந்துகொண்டிருந்தேன். அவர் கண் கலங்கிச் சொன்னார்: "ஊட்டுக்காரிக்குக் கர்ப்பப்பையில கட்டிங்க. தள்ளிப்போடாதீங்க, உடனே எடுத்துப்போடோணும்னு டாக்டரம்மா சொல்லிப்போட்டாங்க. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடலீங்க. அய்யாகிட்டப் போயி நின்னேன். கண்ணை மூடி உக்காந்தாருங்க. பொறுத்திருங்க, பெரியவங்க பாத்துக்குவாங்கன்னு உத்தரவு வந்துருச்சுங்க. இப்பத்தானுங்க நிம்மதியாத் தூங்கறேன்."

அவர் நிம்மதியாகத் தூங்குகிறார். சரோஜா தூங்குகிறாளா என்று அவரிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அந்தப் பெண் உள்ளேயே வராமல் காரில் உட்கார்ந்திருந்தாள். உன் அம்மா மோர் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். டம்ளரை வாங்கவே ஒரு கையைத்தான் நீட்டினாளாம். இன்னொரு கை வயிற்றை விட்டு வரவில்லை. "வலி தாங்க முடியிலீங்கக்கா. ஆனா சாமி சொல்லிப்போட்டாருங்களே, நான் எப்படி மறுத்துப் பேசறதுங்க?" என்றாளாம். அவர்கள் போனபின் உன் அம்மா அந்த டம்ளரைக் கழுவாமல் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். "ஏனுங்க, நம்ம பையன் சாமியானா எனக்கொண்ணும் வருத்தமில்லீங்க. அந்தப் புள்ளைக்கு வலி நிக்கோணுமல்லங்க?" என்றாள். அதற்கு மேல் அவள் பேசவில்லை. நீயாவது ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்தான் மௌனம். அவள் மௌனம் எதுவரைக்கும் என்று எனக்குத் தெரியாது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அப்பனுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை, அதனால் எரிந்து விழுகிறான் என்று நினைத்துவிடாதே. கண்ணுக்குத் தெரியாமல் மலையில் இருந்துகொண்டு மனுசக் கூட்டத்தை நல்ல வழியில் தள்ளிக்கொண்டு போகிற பெரியவர்கள் இருக்கிறார்கள் என்று நீ பேசுகிறாய் அல்லவா, அதை நீ பேசுவதற்கு முன்பிருந்தே நான் நம்புகிறேன். இல்லையென்றால் வருசா வருசம் முழங்கால் கத்தக் கத்த வெள்ளியங்கிரி ஏறியிருப்பேனா? கைதட்டிச் சுனையில் நின்று நானும் எல்லாரையும் போலக் கை தட்டியிருக்கிறேன். தட்டினால் தண்ணீர் வரும், உள்ளே இருக்கிற சித்தர் திறந்துவிடுவார் என்று சொல்வார்கள். நான் தட்டினேன், சொட்டுக்கூட வரவில்லை. பக்கத்தில் நின்றவர், "இன்னுங்கொஞ்சம் பலமாத் தட்டுங்க, அவருக்கு வயசாயிருச்சல்லங்க, காது மந்தமுங்க" என்றார். நானும் உள்ளங்கை சிவக்கத் தட்டினேன். பிறகு பார்த்தால் தண்ணீர் எனக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது, நான்தான் பாறையைப் பார்த்து நின்றிருக்கிறேன். அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் பாதி ஏற்றம் தெரியாமலே ஏறிவிட்டேன். அந்தப் பெரியவர்களோடு எனக்குள்ள பழக்கம் இப்படிப்பட்டது. அவர்கள் இருக்கிறார்களா என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர்கள் உன் வழியாகப் பேசுகிறார்களா என்பதுதான் எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியும் என்று மைக்கில் சொல்ல மாட்டேன்.

மைக் என்றதும் ஞாபகம் வருகிறது. மண்டபத் திறப்புக்கு நானும் பேச வேண்டும் என்று உன் ஆட்கள் வந்து கேட்டார்கள். என்ன பேச வேண்டும் என்பதையும் அவர்களே சொன்னார்கள். நீ பிறப்பதற்கு முன் நான் மலை ஏறியபோது ஒரு சித்தர் ஜடாமுடியோடு தோன்றினாராம். தன் கையிலிருந்த தடியை எனக்குக் கொடுத்து, "உனக்கொரு மகன் வருவான், உலகத்துக்கே வழி காட்டுவான்" என்றாராம். சொல்லிவிட்டு அப்படியே மறைந்துவிட்டாராம். நான் இதைச் சொல்லிவிட்டு, பூஜை அறையில் இருக்கிற அந்த மூங்கில் தடியை உன் கையில் ஒப்படைக்க வேண்டும். அதற்குக் கண்ணாடிப் பெட்டிகூடத் தயாராகிவிட்டது, உள்ளே லைட் எரியும் என்றார்கள். தடிக்கு லைட் எதற்கு என்று கேட்டேன். அதற்கும் யாரும் சிரிக்கவில்லை.

நடந்தது என்ன என்று உனக்கு ஒரு தடவையாவது உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டும். சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். உன் வருகையை எனக்கு முதலில் அறிவித்தது எந்தச் சித்தரும் இல்லை, சுகாதார நிலையத்து நர்சம்மா. ரொம்ப வருசம் கழித்து உண்டானதால், பிரசவம் நல்லபடியாக ஆக வேண்டும் என்று வேண்டிக்கொண்டு பங்குனியில் மலைக்குப் போனேன். அடிவாரத்தில் எல்லாரும் மூங்கில் தடி வாங்கினார்கள். எனக்கு எதற்கு, நான் ஓடுகிற பஸ்ஸில் ஒரு கையும் பிடிக்காமல் நிற்கிறவன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெறுங்கையோடு ஏறினேன். விடிந்து கொஞ்ச நேரத்திலேயே நெஞ்சு நிமிர்வது நின்றுவிட்டது, மூச்சுதான் முன்னாலும் பின்னாலும் போய்க்கொண்டிருந்தது. வழுக்குப்பாறைக்குக் கொஞ்சம் முன்னால், நாக்குத் தள்ள ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தேன். மேலேயிருந்து ஒருவர் இறங்கி வந்தார். சாயம் போன கம்பளி, தலையில் துண்டு. என்னை ஒரு பார்வை பார்த்தார். தடியை நீட்டினார். "புடிங்க. எனக்கு இனி எறக்கந்தானுங்க, தேவைப்படாது" என்றார். நான் "பரவால்லீங்க, பரவால்லீங்க" என்றுகொண்டே வாங்கிக்கொண்டேன். ரெண்டு அடி இறங்கினவர் திரும்பிப் பார்த்து, "அடுத்த திருப்பத்துல வழுக்குமுங்க, பாத்துப் போங்க" என்றார். அவ்வளவுதான். போய்விட்டார். மறையவெல்லாம் இல்லை கண்ணு. சாதாரணமாக, முழங்கால் வலிக்கிற ஆள் இறங்குகிற மாதிரி, ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து இறங்கினார். அடுத்த திருப்பத்தில் உண்மையாகவே வழுக்கியது. தடி இருந்ததால் நான் இப்போது உனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இந்தக் கதைக்கு முடி வளர்ந்தது எப்படி என்கிறாயா? நீ பிறந்ததும் தடியைப் பூஜை அறையில் வைத்தேன். பார்க்க வந்தவர்கள் கேட்டார்கள், சொன்னேன். என்னிடம் கேட்டவர் இன்னொருவரிடம் சொல்லும்போது கம்பளி காவி ஆனது. டிப்போவில் அவருக்கு ஜடாமுடி முளைத்தது. உன் பெரிய மாமன்தான் அவரை மறைய வைத்தான். ஊரே ஆசையாகச் சொல்வதை எதற்கு மறுக்க வேண்டும் என்று நானும் டீயைக் குடித்துக்கொண்டு தலையாட்டினேன். நம் ஊர்ப்பக்கத்து ஆளுக்கு எதிரில் நிற்கிறவர் முகம் வாடும்படி ஒரு வார்த்தை சொல்ல வராது. "இல்லை" என்று சொல்ல வேண்டிய இடத்திலும் ஒரு "ங்க" போட்டு நீட்டி அதை "ஆமா" மாதிரி ஆக்கிவிடுவோம்.

இதில் உன் அப்பன் எப்பேர்ப்பட்ட ஆள் என்பதற்கு ஒரு கதை சொல்கிறேன். ஒருநாள் உச்சி வெயிலில் ஒரு பெரியவர் கையில் பழப்பையோடு ஓடி வந்து, "உக்கடம் போகுமுங்களா?" என்று கேட்டார். எங்கள் பஸ் அந்தப் பக்கமே போகாது. அந்த மூச்சு வாங்குகிற முகத்தைப் பார்த்துப் போகாது என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. "ஏறுங்க, பாத்துக்கலாம்" என்றுவிட்டேன். என்ன பார்த்துக்கொள்வேன்? பஸ்ஸைத் திருப்பவா முடியும்? அவர் சீட்டில் உட்கார்ந்து நிம்மதியாகக் கண்ணை மூடிவிட்டார். கடைசி ஸ்டாப்பில் எழுப்பினேன். பேத்தி நிச்சயதார்த்தத்துக்குப் போகிறவராம். அங்கே தட்டு மாற்றி முடித்திருப்பார்கள். அவர் என்னைத் திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும். "பரவால்லீங்க தம்பி, நீங்களும் நல்ல மனசுலதானுங்க சொன்னீங்க" என்று பழப்பையை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் நடந்தார். டிரைவர் அண்ணன் அன்றைக்கு என்னைக் கேட்டார்: "ஏப்பா, வெசில் ஊதறவன் வேலை ஏறுங்கன்னு சொல்றது மட்டுமா? போகாதுன்னு சொல்றதுக்குந்தானப்பா உனக்குச் சம்பளம்?" அப்புறம் ரிட்டயர் ஆகிற வரைக்கும் போகாத ஊருக்கு நான் யாரையும் ஏற்றவில்லை.

ரங்கசாமி உன் முன்னால் வந்து நின்றபோது நடந்ததும் இதுதான் என்று நினைக்கிறேன். நீ சின்ன வயதிலிருந்தே அடுத்தவர் மனசைக் கேட்கிறவன். அதை யாரும் மறுக்க முடியாது. தெருவில் யாருக்குச் சண்டை வந்தாலும் உன்னிடம்தான் வந்து அழுவார்கள். நீ முழுப்பரீட்சைக்குப் படிப்பதை விட்டுவிட்டு உட்கார்ந்து கேட்பாய். பிறகு மார்க்கைப் பார்த்து நான் அழுவேன். சரவணம்பட்டி கம்பெனியில் உன்னை வேலையை விட்டுப் போகச் சொன்னபோதும், உன்னோடு வெளியே வந்தவர்களை நீதான் தேற்றினாய். போனில் நீ பேசிப் போட்ட வீடியோவைக் கேட்டு அவ்வளவு பேர் வந்ததற்கும் அதுதான் காரணம். அந்த வரத்தை யார் கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது, பெரியவர்களே கொடுத்ததாகக்கூட இருக்கலாம். ஆனால் அன்றைக்கு நீ கண்ணை மூடியபோது உனக்குக் கேட்டது மலையிலிருந்து வந்த குரலா, எதிரில் நின்ற மனுசனுடைய பயமா? அவருக்கு ஆபரேஷன் என்றால் நடுக்கம். வேண்டாம் என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று தவித்துக்கொண்டு வந்தார். அந்தத் தவிப்பு உனக்குக் கேட்டிருக்கிறது. அதை நீ அவருக்கே திருப்பிச் சொல்லியிருக்கிறாய். நல்ல மனசில்தான் சொன்னாய். நானும் நல்ல மனசில்தான் அந்தப் பெரியவரைப் பஸ்ஸில் ஏற்றினேன்.

நானே சரி பண்ணிவிடலாம் என்று முந்தாநாள் ரங்கசாமியின் பட்டறைக்குப் போனேன். தடிக் கதையை இப்போது உனக்கு எழுதிய மாதிரியே, கம்பளி, முழங்கால் எல்லாம் விடாமல் சொன்னேன். "சித்தர் வாக்கெல்லாம் இல்லீங்க, என்ர பையனும் உங்களை மாதிரி மனுசந்தானுங்க, டாக்டரம்மா சொல்றதைக் கேளுங்க" என்றேன். அவர் மிசினை நிறுத்திவிட்டுக் கைகூப்பிக் கேட்டார். கேட்டுவிட்டு என்ன சொன்னார் தெரியுமா? "தெரியுமுங்க. பெரியவங்க இப்படித்தானுங்க மறைச்சுப் பேசுவாங்க. என்ர நம்பிக்கையச் சோதிக்கறீங்க." நான் தலையில் அடித்துக்கொண்டேன். "சத்தியமாச் சோதிக்கலீங்க!" என்று கத்தினேன். அதையும் சோதனையில் சேர்த்துக்கொண்டு இன்னொரு தடவை காலைத் தொட்டார். உண்மையைச் சொல்லியும் நம்பப்படாத நிலைமைக்கு உன் அப்பனை உயர்த்தி வைத்திருக்கிறாய் கண்ணு. வேறு நேரமாக இருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பேன். இப்போது வயிறு வலிப்பது இன்னொருத்திக்கு.

அங்கிருந்து பஸ்ஸில் திரும்பும்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அவரை நிறுத்திய வார்த்தை உன்னுடையது. அவரை நகர்த்தப்போகிற வார்த்தையும் உன்னுடையதாகத்தான் இருக்க வேண்டும். நான் சொன்னால் சோதனை, டாக்டரம்மா சொன்னால் விதி, சரோஜா சொன்னால் பொம்பளைப் பேச்சு. நீ சொன்னால்தான் உத்தரவு. அதனால்தான் இந்தக் கடிதம். நீ அப்படிச் சொன்னால் உன் மண்டபம் காலியாகிவிடும் என்று உன் பக்கத்தில் இருக்கிறவர்கள் பயப்படலாம். ஆகட்டுமே. காலி பஸ்ஸை டிப்போவுக்கு ஓட்டிக்கொண்டு வருவதில் அவமானம் ஒன்றும் இல்லை, எத்தனையோ தடவை வந்திருக்கிறேன். காலியாகாமலும் போகலாம். "எனக்குத் தெரியாதுங்க" என்று சொல்லத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார நானே டிக்கெட் எடுத்துக்கொண்டு வருவேன்.

வழி காட்டுகிற பெரியவர்களைப் பற்றி நீ மணிக்கணக்கில் பேசுகிறாய். எனக்குத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான், அந்தத் தடியைக் கொடுத்தவர். பஸ்ஸைப் பின்னால் எடுக்கும்போது கண்டக்டர் இறங்கி நின்று, பஸ்ஸின் உடம்பில் தட்டித் தட்டி, வா, வா என்பான். பள்ளம் வந்தால் ஓங்கி அடித்து நிறுத்துவான். டிரைவருக்கு அவன் முகம் தெரியாது, அந்தத் தட்டு மட்டும் கேட்கும். மலையில் இறங்கி வந்தவரும் எனக்கு அப்படித்தான். பேர் சொல்லவில்லை. என் பேரையும் கேட்கவில்லை. எனக்கு மகன் பிறப்பானா, அவன் உலகத்தை ஆள்வானா என்று எதுவும் சொல்லவில்லை. தன்னிடம் இருந்த தடியைக் கொடுத்தார், முன்னால் இருக்கிற ஆபத்தைச் சொன்னார், இறங்கிப் போய்விட்டார். அவர் சித்தரா, சூலூர்ப் பக்கத்து விவசாயியா எனக்குத் தெரியாது. யோசித்துப் பார்த்தால், சித்தராகவே இருந்தாலும் இதைவிட வேறென்ன செய்திருப்பார்?

அதனால் நான் முடிவு பண்ணிவிட்டேன். இதில் மாற்றம் இல்லை, உன் அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். தடி கண்ணாடிப் பெட்டிக்கு வராது. சனிக்கிழமை காலை அதை எடுத்துக்கொண்டு மலை அடிவாரத்துக்குப் போகிறேன். முழுசாக ஏற என் முழங்கால் சம்மதிக்காது, முடிந்தவரை ஏறி ஒரு கல்லில் உட்காருவேன். என்னை மாதிரி எவனாவது வெறுங்கையோடு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்து மூச்சு வாங்கி நிற்பான். அவன் கையில் கொடுத்துவிட்டு இறங்கிவிடுவேன். அவனுக்கு மகன் பிறப்பான் என்றெல்லாம் சொல்ல மாட்டேன், நிச்சயம்.

ஞாயிற்றுக்கிழமை வருவேன். சாப்பாட்டுக்கு முன்னாலேயே வருவேன். முன்வரிசையில் நாற்காலி போட வேண்டாம், பின்னால் நின்றுதான் எனக்குப் பழக்கம். பேசக் கூப்பிட்டால் பேசுவேன், கூப்பிடாவிட்டாலும் பேசுவேன். கம்பளி, முழங்கால், நர்சம்மா, எல்லாவற்றையும் எல்லார் முன்னாலும் சொல்வேன். அதற்குள் சரோஜா ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருக்கிறாள் என்று தெரிந்தால் சிரித்துக்கொண்டே சொல்வேன், நீயும் கூடச் சேர்ந்து சிரிக்கலாம். இல்லையென்றால் சிரிக்காமல் சொல்வேன். என்னைச் சிரிக்காமல் நீ பார்த்ததில்லை, பார்க்க வைத்துவிடாதே. அப்படி ஆனால், முடிந்ததும் உன்னைக் கூட்டிக்கொண்டு நேராக ரங்கசாமி வீட்டுக்குப் போவேன். நீ சாமி உடுப்பில் வந்தாலும் சரி, லுங்கியில் வந்தாலும் சரி.

அம்மா உன் எதிரில் உட்கார்ந்திருப்பாள். ரங்கசாமியின் நம்பரைத் தன் போனில் எடுத்து வைத்திருக்கிறாள், நீ வாங்கிக் காதில் வைத்தால் போதும். உனக்குத் தர என் கையில் தடி இல்லை. எனக்குச் சொல்லப்பட்டதை மட்டும் உனக்குச் சொல்கிறேன். அடுத்த திருப்பத்தில் வழுக்கும் கண்ணு, பார்த்து வா.

உன் அப்பன்